சொல்லைச் சுருட்டிய கதை

இங்கிலீஷில் ‘செரூட்’ என்றொரு சொல். இரண்டு முனையும் வெட்டிய புகையிலைச் சுருளுக்குப் பேர். எதிரணி நண்பர் அதை மேல்நாட்டுச் சரக்கு என்றார். ஐயா, அது நம்ம ‘சுருட்டு’! 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியே அது தமிழ்ச் சொல் என்று ஒத்துக்கொள்கிறது.

திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையை நம்மூர்க் கைகள் சுருட்டின. ஸ்பென்சர் கம்பெனி இங்கேயே சுருட்டுத் தொழிற்சாலை வைத்து வியாபாரம் பண்ணியது. தமிழில் பாயையும் சுருட்டலாம், பணத்தையும் சுருட்டலாம். வெள்ளைக்காரன் நம்ம சொல்லையே சுருட்டிக்கிட்டுப் போயிட்டான்! சுருட்டிய கையை அவன் மறந்தது கிடக்கட்டும், நாமளே மறக்கலாமா? புகையை விட்டுடுங்க, உடம்புக்குக் கேடு. சொல்லை மட்டும் விட்டுடாதீங்க!