புறங்கையை நக்கினாலும் குற்றம்



"தேன் எடுப்பவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. தோட்டத்து லயத்தில் இருந்து பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் பட்டணம் போய், காப்பிக் காசு கொடுத்துத் திரும்பிய நம் அப்பா, தாத்தா காலத்து மக்கள் இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள். "என்ன செய்யிறது, உலகம் அப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டார்கள்.

உலகம் எல்லா இடத்திலும் அப்படித்தானா? ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த வரலாற்றைக் கொஞ்சம் கேளுங்கள்.

1951 அக்டோபர். சிங்கப்பூரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அதன் மதிப்பு 4 லட்சம் வெள்ளி. கொள்ளைக் கும்பலில் இருந்தவர்கள் யார் தெரியுமா? மூன்று போலீஸ் துப்பறிவாளர்களும் அதில் அடக்கம்! வேலியே பயிரை மேய்ந்த கதை. அந்நாளில் லஞ்சக் குற்றங்களை விசாரித்ததும் போலீஸ் இலாகாவின் ஒரு சிறு பிரிவுதான். தன் கூட்டாளியைத் தானே பிடிப்பது எப்படி? வெள்ளைக்கார அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1952-இல் போலீசுக்கு வெளியே லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு பிறந்தது.

பிறந்த குழந்தைக்குப் பல் இல்லை. அதிகாரிகளில் பலர் போலீசிலிருந்து இரவல் வந்தவர்கள். நாளை திரும்பிப் போய் அதே கூட்டாளிகளோடு வேலை செய்ய வேண்டும். அப்புறம் யார் துணிவார்கள்?

1960-இல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டம்தான் பல் கொடுத்தது. கைது செய்யலாம், வங்கிக் கணக்கைப் பார்க்கலாம். அரசாங்கத்தோடு காரியம் உள்ள ஒருவரிடம் அரசு ஊழியர் பணம் வாங்கினால், அது லஞ்சம் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது வாங்கியவர் பொறுப்பு. சம்பளத்துக்கு மீறிய சொத்து இருந்தால், அதுவும் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

சரி, சட்டம் சின்ன மீனை மட்டும் பிடிக்குமா, சுறாவையும் பிடிக்குமா என்று கேட்பீர்கள். 1975-இல் சுற்றுச்சூழல் துணை அமைச்சர் வீ தூன் பூன், வீடு கட்டி விற்கும் ஒரு தொழிலதிபரிடம் பங்களாவும் குடும்பத்தோடு விமானப் பயணமும் பெற்றதற்காகச் சிறை சென்றார். 1986-இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான் மீது விசாரணை நடந்தது. வழக்கு வருமுன்னே அவர் இறந்துபோனார். 1991-இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. பிரதமரே விசாரணை வேண்டாம் என்றாலும், அதிபரின் சம்மதம் பெற்று விசாரணையைத் தொடரலாம்!

கடைசியாக ஒன்று. சொல்ல நமக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நம் இனத்தவரான முன்னாள் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபர் 3-இல் 12 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பந்தயச் சீட்டு, நாடகச் சீட்டு, மதுப்புட்டி, மிதிவண்டி என்று அன்பளிப்பாக வாங்கியதும், நீதிக்கு இடையூறு செய்ததும் குற்றம். பொருள் கொடுத்தவருக்கு அவர் பதிலுக்கு உதவி செய்தார் என்று நிரூபிக்கத் தேவை இருக்கவில்லை. அரசு வேலையில் தன்னோடு தொடர்புள்ளவரிடம் விலை உயர்ந்த பொருளைச் சும்மா வாங்கியதே போதும். பாருங்கள், புறங்கையை நக்கினாலும் குற்றம்தான்!

இங்கே நம் நாட்டிலும் 1967 அக்டோபர் 1-இல் ஊழல் தடுப்பு நிறுவனம் தொடங்கியது. 2009 முதல் அது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையம். அந்தச் சட்டத்தில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. லஞ்சம் கேட்கப்பட்டவர் அதைப் புகார் செய்தே ஆகவேண்டும். சும்மா இருந்தால் அவர் மீதும் குற்றம் வரும். கொடுத்தவரும் தப்ப முடியாது.

"நாங்க கூலிக்காரங்க, எங்க பேச்சை யாரு கேப்பா?" என்கிறீர்களா? புரிகிறது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆபீஸ் வாசலில் நிற்பவருக்கு, கொடுத்துவிட்டு வருவதே சுலபம். ஆனால் பக்கத்தில் கைபிடித்து நிற்கும் பிள்ளை அதைப் பார்க்கிறது. நாளைக்கு அதே பிள்ளை படித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும். அன்று அது கையை நீட்டுமா, மடக்குமா?

இன்று மேடையில் பரிசு வாங்கும் செல்வங்களே! உழைத்து வாங்கும் இந்தப் பரிசின் இனிமையை மறக்காதீர்கள். உழைக்காமல் வருவது எதுவும் பரிசு அல்ல. பெற்றோர்களே, தேன் எடுத்தாலும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்கும் பிள்ளைகளை நாம் வளர்ப்போம்!