கோரையும் கண்டலும்

பத்தமடைப் பாயைத் தெரியாத தமிழர் உண்டா? கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து வாங்குகிறோம். அந்தப் பாய்க்குரிய கோரை ஆற்றோரத்துப் புல். ஓடுகிற தண்ணீரில் ஊறித்தான் அது பட்டாகிறது. அதே தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இன்னொரு பயிரும் வளர்கிறது. அதுதான் கண்டல். அலையாத்தி என்றும் சொல்வார்கள்.

ஆற்றின் வண்டல் கரையைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலைக் காணாத உள்ளூர். துறைமுகம் கொற்கையிலிருந்து காயலுக்கு நகர்ந்த வரலாற்றைக் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் காணலாம். இப்படிப் படியும் புது மண்ணை வேரால் பிடித்துக்கொள்வது கண்டல்.

கண்டல் காடு அழிந்ததையும் மீண்டதையும் தெரிந்துகொள்ள, வடக்கே சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரத்துக்குப் போகவேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரமும் இந்தக் காட்டைச் சேர்ந்ததுதான். வெள்ளையர் காலத்திலிருந்து இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயிலில் காய்ந்த சேற்றுநிலம் தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. உள்ளே வந்த கடல்நீர் திரும்பாமல் தேங்கி வற்றியது, உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. பழியை ஆடுமாடுகள் மீதும் விறகு வெட்டும் ஏழைகள் மீதும் போடுவதுதான் வழக்கம். நீரின் வழி அடைபட்டதே மூலகாரணம் என்பது பிறகுதான் தெளிவாயிற்று.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்தாரைச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கின. மீன்முள்ளைப்போல் நடுவே ஒரு வாய்க்கால், இருபக்கமும் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஏற்றத்தில் நீர் வந்தது, வற்றத்தில் போயிற்று. கரைச் சரிவில் வெண்கண்டல் கன்றுகள் பிழைத்தன.

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. காட்டுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த ஊர்கள் மேட்டிலும் கடலுக்கு எட்டியும் இருந்ததே காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். வழக்கு எப்படித் தீர்ந்தாலும் சரி, மீனும் இறாலும் குஞ்சு வளர்க்க அந்தக் காடு வேண்டும் என்பதில் மீனவருக்குச் சந்தேகம் கிடையாது.

எனக்கு ஓர் ஆசை. பத்தமடைப் பள்ளிப் பிள்ளைகளை ஒருநாள் புன்னைக்காயலுக்கு அழைத்துப் போகவேண்டும். கழிமுகத்துக் கண்டலுக்குக் கடல்நீர் மட்டும் போதாது, ஆற்றின் நல்ல தண்ணீரும் வேண்டும் என்று அங்கே நிற்க வைத்துச் சொல்லவேண்டும். தங்கள் ஊரைத் தாண்டிப் போகிற தண்ணீர் வீணாகப் போவதில்லை என்பது அவர்களுக்குப் புரிந்துவிடும்.