படச்சான்றும் யூரர் தீர்ப்பும்: ரொட்னி கிங் வழக்கு

‘கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. யூரர் முன்னிலையில் நடைபெறும் வழக்குகளிற் படச்சான்று பெறும் இடத்தை ஆராய்வோர் இதனை மனங்கொள்ளுதல் நன்று. சட்டப் பயிற்சியற்ற பொதுமக்களாகிய யூரர், கேட்ட சொல்லினும் கண்ட காட்சிக்கே கூடிய மதிப்பளிப்பர் என்பது சட்டத்தரணிகளின் நெடுநாள் நம்பிக்கை. அந்நம்பிக்கையின் எல்லையை அமெரிக்காவின் ரொட்னி கிங் வழக்கு புலப்படுத்துகின்றது.

1991 மார்ச் 3 ஆம் திகதி அதிகாலையில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் காரை வேகமாகச் செலுத்திச் சென்ற கறுப்பினத்தவரான கிங்கைப் பொலிஸார் துரத்திப் பிடித்துக் குண்டாந்தடிகளால் அடித்தனர். அயலில் வசித்த ஜோர்ஜ் ஹொலிடே என்பவர் அதனை வீடியோவிற் பதிவு செய்தார். தொலைக்காட்சியில் அதனைக் கண்டோர் பலர், இனி விசாரிப்பதற்கு யாதுளது என்றே எண்ணினர்.

பொலிஸார் நால்வர் மீதான விசாரணை, 1992 இற் சிமி வெலி என்னும் அயலூரில் நடைபெற்றது. யூரருள் கறுப்பினத்தவர் ஒருவரேனும் இலர். வழக்குத் தொடுநர் வீடியோவையே பெரிதும் நம்பினர். கிங்கைச் சாட்சிக் கூண்டிற்கு அழைத்திலர். எதிரிகளின் சட்டத்தரணிகளோ அதே வீடியோவைத் தமக்குரிய கருவியாக்கினர். அதனை மெதுவாக ஓடவிட்டும், இடையிடையே நிறுத்தியும், நிலத்திற் கிடந்தவரின் ஒவ்வோர் அசைவும் எழுந்து தாக்கும் முயற்சியே என விளக்குவித்தனர். இவ்வாறு துண்டாடப்பட்ட காட்சியில் அடியின் வேகம் மறைந்தது. அசைவுக்கான விளக்கமே எஞ்சியது.

ஏப்ரில் 29 ஆம் திகதி யூரர், ஒருவர் மீதான ஒரு குற்றச்சாட்டில் உடன்பாடு காணாது, ஏனைய யாவற்றினின்றும் நால்வரையும் விடுவித்தனர். அன்றே நகரிற் கலவரம் மூண்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1993 இற் குடியியல் உரிமை மீறல் தொடர்பாகச் சமஷ்டி நீதிமன்றில் வேறொரு யூரர் குழு அதே வீடியோவைப் பார்த்தது. இம்முறை கிங்கும் சாட்சியமளித்தார். நால்வருள் இருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். குற்றச்சாட்டுகள் வேறாயினும், அடிபட்டவர் வாய்திறந்து பேசியமை இவ்விரு விசாரணைகளுக்குமிடையேயுள்ள முக்கிய வேறுபாடு என்பது நோக்கற்பாலது.

படம் நிகழ்ந்ததைக் காட்டும். அதன் பொருளை மனிதரே உரைப்பர். பொருளுரைக்கும் உரிமை ஒரு சாராரிடம் மட்டும் விடப்படுமாயின், கண்முன் உள்ள உண்மையும் காணாமற் போகும். சான்றுகளை வைத்தே கடந்த காலத்தை அறிய முனையும் வரலாற்று மாணவராகிய நமக்கும் இது பொருந்தும்.