‘ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்துமஸ் ட்ரீ’: ஒரு பாடல் முதலிடம் சேர்ந்த வரலாறு

டெக்கா நிறுவனம் 1958 இறுதியில் வெளியிட்ட ‘ராக்கின் அரவுண்ட் த கிறிஸ்துமஸ் ட்ரீ’ என்ற இசைத்தட்டு அந்தப் பண்டிகைக் காலத்தில் ஏறத்தாழ 5,000 பிரதிகளே விற்றது. அதே ஒலிப்பதிவு 2023 டிசம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பெற்றது. இந்த 65 ஆண்டுகளில் பிரெண்டா லீ பாடிய பாட்டு மாறவில்லை. அது மக்களிடம் சென்ற வழிகளும், மக்கள் அதைக் கேட்பதைக் கணக்கெடுத்த முறையும் மாறின.

பாடலை எழுதி இசையமைத்தவர் ஜானி மார்க்ஸ் (1909–1985). யூதக் குடும்பத்தில் பிறந்த இவர் கிறிஸ்துமஸ் பாடல்களால்தான் பெயர் பெற்றார். 1949இல் ஜீன் ஆட்ரி பாடி வெளிவந்த ‘ருடால்ஃப் த ரெட்-நோஸ்டு ரெயின்டீர்’ இவருடையது. அதன் வெற்றியோடு செயின்ட் நிக்கோலஸ் மியூசிக் என்ற சொந்தப் பதிப்பகத்தையும் தொடங்கினார். ராக் அண்ட் ரோல் இவர் தலைமுறையின் இசையன்று. ஆனால் 1957இல் பாபி ஹெல்ம்ஸின் ‘ஜிங்கிள் பெல் ராக்’ பெற்ற வரவேற்பும், அதே ஆண்டு வந்த எல்விஸ் பிரெஸ்லியின் கிறிஸ்துமஸ் இசைத்தொகுப்பும், பதின்பருவத்தினர் பண்டிகைக்கும் தங்கள் தாளத்தையே விரும்புகிறார்கள் என்பதைக் காட்டின. மார்க்ஸின் வரிகள் இந்த நிலையை நுட்பமாகக் கையாள்கின்றன. ஆட்டத்துக்கு அழைக்கும் பாட்டுக்குள்ளேயே பூசணிப் பணியாரமும் பழைய கரோல் பாடல்களும் இடம்பெறுகின்றன. புதிய தாளத்தைப் பெற்றோரும் முகம் சுளிக்காமல் கேட்கும்படி செய்தது இந்த இணைப்பே எனலாம்.

ஒலிப்பதிவு நடந்த இடம், நாஷ்வில் நகரின் 16ஆம் அவென்யூவில் ஓவன் பிராட்லியும் அவர் தம்பி ஹெரால்டும் நடத்திய கூடம். ஒரு வீட்டின் பின்புறம் நிறுத்திய, ராணுவப் பாணியிலான அரைவட்டத் தகரக் கொட்டகை அது. ‘குவான்செட் ஹட்’ என்ற பெயரில் கன்ட்ரி இசை உலகில் புகழ்பெற்றது. ஒலிப்பதிவுக் குறிப்புகள் 1958 அக்டோபர் 19 என்ற தேதியைத் தருகின்றன. லீ பிற்காலப் பேட்டிகளில் அதைக் கோடைக்கால நிகழ்ச்சியாக நினைவுகூர்ந்திருக்கிறார். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி குளிர்சாதனத்தைக் கூட்டி அறையை நடுங்க வைத்ததும், கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை நிறுத்தி வைத்ததும் அந்த நினைவுகளில் வருகின்றன. தேதியைப் பொறுத்தவரை குறிப்பேட்டையே நம்பவேண்டும்.

லீக்கு அப்போது 13 வயது. உயரமோ ஐந்து அடிக்கும் குறைவு. குழந்தைப் பருவம் முதலே மேடையேறியவர் என்பதால், அந்தக் குரலில் வயதுக்கு மீறிய கரகரப்பும் தன்னம்பிக்கையும் இருந்தன. பக்கம் நின்றவர்கள் நாஷ்வில்லின் தேர்ந்த கலைஞர்கள்: கிட்டாரில் ஹாங்க் கார்லண்ட், பியானோவில் ஃபுளாய்ட் கிரேமர், சாக்சபோனில் பூட்ஸ் ராண்டால்ஃப், சேர்ந்திசையில் அனிதா கெர் குழுவினர். பாடல் ஏறத்தாழ இரண்டே நிமிடம். தொடக்கத்திலேயே துள்ளி எழும் கிட்டாரும் நடுவில் உரசலோடு புகும் சாக்சபோனும்தான் பாடலை ராக் அண்ட் ரோல் ஆக்குகின்றன. அவற்றை எடுத்துவிட்டால் எஞ்சுவது மார்க்ஸின் வழக்கமான, இனிய கிறிஸ்துமஸ் மெட்டு.

1958இலும் 1959இலும் விற்பனை மந்தமாகவே இருந்தது. பாடகி பெயர் பெற்ற பிறகே பாட்டின் நிலை மாறியது. 1960இல் ‘ஐ’ம் சாரி’, ‘ஐ வான்ட் டு பீ வான்டட்’ என்ற இரு பாடல்கள் லீயை முதலிடத்துக்குக் கொண்டுசென்றன. அந்த டிசம்பரில் பழைய இசைத்தட்டையும் மக்கள் தேடி வாங்க, அது 14ஆம் இடத்தைத் தொட்டது. அதன்பின் ஆண்டுதோறும் வானொலியில் ஒலித்தாலும், 1963 முதல் 1972 வரை பில்போர்டு கிறிஸ்துமஸ் பாடல்களைத் தனிப் பட்டியலில் வைத்ததால் முதன்மைப் பட்டியலில் அதற்கு இடமில்லாமல் போனது.

அடுத்த தலைமுறைக்குப் பாட்டைக் கொண்டுசேர்த்தது 1990இல் வெளிவந்த ‘ஹோம் அலோன்’ திரைப்படம். வீட்டில் தனித்துவிடப்பட்ட சிறுவன், பொம்மைகளையும் அட்டை உருவங்களையும் கயிற்றாலும் விளையாட்டு ரயிலாலும் அசைத்து, வெளியே நிற்கும் திருடர்களுக்கு உள்ளே விருந்து நடப்பதாகத் தோன்றச் செய்கிறான். அந்தக் காட்சி முழுவதையும் நம்பவைப்பது இந்தப் பாட்டின் கொண்டாட்ட ஒலிதான்.

எனினும் முதலிடத்துக்கு வழிதிறந்தது ஸ்ட்ரீமிங். இசைத்தட்டை வாங்கியவர் முப்பது டிசம்பர்களுக்கு அதைக் கேட்டாலும் விற்பனைக் கணக்கில் அது ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கில் ஒவ்வொரு முறை கேட்பதும் கணக்கில் சேர்கிறது. பழைய பாடல்கள் பட்டியலுக்குத் திரும்புவதற்கான கட்டுப்பாடும் 2012இல் தளர்ந்தது. 2019 டிசம்பரில் பாடல் இரண்டாம் இடம்வரை ஏறியது. மரையா கேரியின் ‘ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்துமஸ் இஸ் யூ’ அதற்குமேல் ஏறவிடாமல் நின்றது.

2023 நவம்பரில், பாடலுக்கு முதன்முறையாக ஒரு காணொளி வெளியானது. அதில் 78 வயது லீ, தம் 13 வயதுக் குரலுக்கு வாயசைத்தார். டிசம்பர் 9 தேதியிட்ட பட்டியலில் பாடல் முதலிடம் பிடித்தது. ஹாட் 100இல் முதலிடம் பெற்ற மிக மூத்த பெண் பாடகி என்ற பெருமை லீக்கு வந்தது. அவருடைய முந்தைய முதலிடத்துக்கும் இதற்கும் இடையே 63 ஆண்டுகள் கடந்திருந்தன.

2024 அக்டோபரில், லீயின் ஒப்புதலோடு செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு அவருடைய இளவயதுக் குரலை மீட்டுருவாக்கி, பாடலின் ஸ்பானிய வடிவம் ‘நோச்சே புவேனா இ நவிதாத்’ என்ற பெயரில் வெளியிடப்பட்டது.