சப்ரகமுவச் சந்தைகளில் ஓர் உலா



ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் கோட்டைகளையும் கோயில்களையும் தேடிச் செல்வர். சந்தையை நாடுவோர் சிலரே. ஆயினும், எளிய மக்கள் எதனை உடுத்தனர், எதனை விலைகொடுத்து வாங்கினர், எதனை விற்க நேர்ந்தது என்பவற்றைச் சந்தையைப்போல் எடுத்துரைக்கும் ஏடு வேறில்லை. கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்தின் கடைத்தெருக்களில் இன்று சற்று ஆறுதலாக நடந்து பார்ப்போம்.

கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லையில் தொடங்குவோம். கண்டி அரசு நிலவிய காலத்தில் மலைநாட்டுக்கும் கரையோரத்துக்கும் இடையே எல்லைப்புற வணிகத்தலமாக விளங்கிய ஊர் இது. மலைநாட்டுப் பாக்கு பொதிமாடுகளில் இறங்கிக் களனி கங்கை வழியே கொழும்பை அடைந்தது. உப்பும் கருவாடும் துணியும் எதிர்த்திசையில் ஏறின. ஒல்லாந்தர் காலத்தில் சோழமண்டலக் கரையில் நெய்யப்பெற்ற துணி, இலங்கைப் பாக்குக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட முக்கிய சரக்குகளுள் ஒன்றாயிருந்தது. தோட்டங்கள் தோன்றுமுன்னரே தமிழ்நாட்டு நெசவாளரின் கைவண்ணம் இம்மலைகளுக்குப் பழக்கமாகியிருந்தது என்க.

துணிக்குப் பின்னால் மக்கள் வந்தனர். 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் கோப்பியும், அடுத்துத் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் இம்மாகாணத்துக் குன்றுகளை மூடின. அத்தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்களுக்கு அரிசியும் கம்பளியும் வழங்கப்பட்டன. குளிருக்கும் மழைக்கும் போர்வையாகிய அக்கம்பளி கொடையன்று. அதன் விலை கணக்கேட்டில் கடனாக ஏறியது. வழிச்செலவும், கங்காணி கொடுத்த முற்பணமும், திருமணத்துக்கும் நோய்க்கும் வாங்கிய கைமாற்றும் அதனோடு சேர்ந்தன. இன்ன தொகையைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டத்துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை அழைத்துக்கொள்வார். கடனும் அவர்களுடன் இடம்பெயரும். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இதற்கிடையே, 1912இல் களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை இரத்தினபுரியை எட்டியது. நகரக் கடைகளில் சரக்கு பெருகிற்று. துணிமூட்டை சுமந்த வணிகர் லயங்களுக்கும் வந்தனர்; தவணைமுறையில் சேலை கொடுத்துச் சம்பள நாளில் பணம் தண்டினர். சம்பளம் வாங்கியபின் வரும் ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்துடன் பட்டணம் சென்று, கடையில் நான்கு சேலைகளை விரிக்கச் செய்து, அவற்றுள் ஒன்றைத் தாமே தெரிந்தெடுத்தல் தோட்டத்துப் பெண்களுக்குச் சிறிய இன்பமன்று. வாரம் முழுவதும் இறப்பர்ப் பால் தெறித்த உடையும், இடுப்பில் கட்டிய படங்குமாக நின்றவர்கள் அல்லவா அவர்கள்!

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆமிஷ் என்னும் சமயப் பிரிவினர் வாழ்கின்றனர். பகட்டில்லாத உடையை அவர்கள் தம் சமயக் கொள்கையாக மேற்கொண்டவர்கள். அவர்கள் தைக்கும் ஒட்டுப்போர்வைகளையும் பழம்பொருள்களையும் வாங்க வெளியூர்ப் பயணிகள் திரளாகச் செல்வர். அம்மக்களின் எளிமை அவர்களே தேர்ந்தது. நம் தோட்ட மக்களின் எளிமையோ கணக்கேடு விதித்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம், ஆனால் ஒன்றல்ல.

இனி, இரத்தினபுரியின் மணிக்கல் சந்தைக்குச் செல்வோம். வணிகர் தெருவோரத்தில் நின்று, சிறு கற்களை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்து விலைபேசுவதைக் காணலாம். மணிக்கல் பொதிந்த சரளை மண்ணைச் சிங்களத்தில் 'இல்லம' என்பர். குழிதோண்டி, மரச்சட்டங்களால் பக்கங்களைத் தாங்கி, நீரை இறைத்து, அம்மண்ணைக் கூடையிலிட்டு அலசிக் கற்களைப் பிரிப்பர். 1926இல் பெல்மடுல்லைப் பகுதி வயலொன்றில் கிடைத்த நீலக்கல் ஒன்று, 392 கரட்டுக்கு மேற்பட்ட எடையுடன், 2014இல் ஜெனீவாவில் 1 கோடியே 70 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. அக்கல் கிடைத்த மறு ஆண்டாகிய 1927இலேதான் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை வரையறுக்கும் சட்டம் பிறந்தது. அப்போதும் பெண்ணின் கூலி ஆணின் கூலியிலும் குறைவாகவே வைக்கப்பட்டது. இருவர்க்கும் சமகூலி 1984இலேதான் வந்தது.

மணிக்கடைகளைக் கடந்து பழம்பொருட்கடைகளுள் நுழைந்தால், சீன மங்குகளுக்கும் கண்டி விளக்குகளுக்கும் இடையே பித்தளைக் குடங்கள் சில கிடக்கும். யான் கண்ட ஒரு குடத்தின் கழுத்தில், ஒரு பெண்ணின் பெயர் தமிழில் புள்ளிகளால் பொறிக்கப்பட்டிருந்தது. சீதனமாக வந்த பாத்திரமாகலாம். அது கடைக்கு வந்த கதையைக் கடைக்காரரும் அறியார். ஆனால் இத்தகைய பொருள்கள் லயங்களை விட்டு நீங்கிய காலங்களை வரலாறு அறியும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் நகையும் பாத்திரமும் மாவுக்கும் அரிசிக்கும் விலையாயின. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் உடைமைகளை இழந்து ஓடியோர் பலர்.

இரத்தினபுரியில், எகலப்பொலையின் வளவில் 1988 முதல் தேசிய நூதனசாலை இயங்குகின்றது. பிரபுக்களின் பொருள்கள் பெயரும் காலமும் குறித்துப் பேணப்படுதல் நன்றே. தோட்டத் தொழிலாளரின் பொருள்களுக்கென 2007இல் கம்பளைக்கு அருகே ஒரு நூதனசாலை தோன்றியது. சப்ரகமுவவின் இறப்பர்த் தோட்டங்களிலுள்ள பால் வெட்டும் கத்தியும், சிரட்டையும், கம்பளியும், பற்றுச்சீட்டும் அவ்வாறு பேணப்பட வேண்டாமா? பாடசாலைகள் இதனைத் தொடங்கலாம். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைக் குறித்துப் பாட்டியிடம் கேட்டு, அது யாருடையது, எப்போது, என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதி வைத்தால், அதுவே சிறந்த தொடக்கமாகும்.

துண்டு முறை போய் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. எனினும், தீபாவளிச் சேலை இன்றும் பல வீடுகளுக்கு முற்பணத்தால்தான் வருகின்றது. அப்பணம் மாதந்தோறும் சம்பளத்தில் கழிகின்றது. சந்தையில் அழகிய துணிகளைப் பார்த்து மகிழும்போது, அவற்றைக் கடனின்றி வாங்கும் நாள் யாவர்க்கும் வரவேண்டும் என்பதையும் எண்ணுவோமாக.