கரண்ட் வைக்கிற வைத்தியமும் பூச்சி மருந்தும்

சினிமாவில் ஷாக் ட்ரீட்மெண்ட் என்றால் நாலு பேர் கை காலை அமுக்கிப் பிடிக்க, நோயாளி துள்ளித் துள்ளி விழுவார். "கரண்ட் வச்சா ஆள் காலி" என்று ஊரில் பேச்சு வந்ததே அப்படித்தான். பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள் :) படிக்கப் படிக்க விட முடியவில்லை.

1934-ல் ஹங்கேரியில் மெதுனா என்ற டாக்டர், கற்பூரத்தை ஊசியாகப் போட்டு மனநோயாளிக்கு வலிப்பு வரவழைத்தார். வலிப்பு வந்தால் நோய் தணியும் என்பது அவர் எண்ணம். 1938-ல் ரோமில் செர்லெட்டியும் பினியும் அதே வலிப்பை மின்சாரத்தால் கொண்டுவந்தார்கள். கசாப்புக்கூடத்தில் பன்றிகளுக்குக் கரண்ட் வைப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் செர்லெட்டி! ஆக, குணப்படுத்துவது கரண்ட் இல்லை, வலிப்பு. இது புரிந்தால் மீதி எல்லாம் சுலபம்.

அப்போது மயக்க மருந்து கொடுக்காமலே செய்தார்கள். தசைகள் இறுகுகிற வேகத்தில் முதுகெலும்பே முறியும். 1950-களின் தொடக்கத்தில் சக்ஸினைல்கோலின் என்ற ஊசி வந்தது. போட்ட ஒரு நிமிடத்தில் உடம்பு முழுக்கத் தளர்ந்துவிடும், மூச்சும் நின்றுவிடும். ஆனால் ரத்தத்தில் இருக்கிற ஒரு என்சைம் சில நிமிடங்களில் அந்த மருந்தை உடைத்துவிடும். அதுவரை டாக்டர் மாஸ்க் வைத்து மூச்சு கொடுப்பார்.

நம் நாட்டிலோ, மயக்க டாக்டர் இல்லை, செலவு என்று பழைய முறையே பல இடங்களில் ரொம்ப காலம் ஓடியது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடித் தீயில் 28 பேர் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள். அதே வருடம் ஸார்தக் என்ற அமைப்பு, மயக்க மருந்து இல்லாத ஷாக்கைத் தடை செய்யச் சொல்லி சுப்ரீம் கோர்ட் போனது. தடை சட்டமானது 2017-ல், அமலுக்கு வந்தது 2018-ல்.

இன்று லட்சம் தடவை கொடுத்தால் சுமார் 2 மரணம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஞாபக மறதி தனிக்கதை. வலிப்பு தொடங்கும்போது இதயத் துடிப்பு குறையும், சில வினாடி நின்றுகூடப் போகும். பிறகு துடிப்பும் பிரஷரும் எகிறும். நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும். சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர், மூளையில் கட்டி இருப்பவர் என்றால் விஷயமே வேறு.

எங்கள் தர்மபுரி மாதிரி விவசாய ஊர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே "மருந்து குடிச்சிட்டான்" என்றால் பூச்சி மருந்து என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் ஆர்கனோபாஸ்பரஸ் வகை, நான் மேலே சொன்ன அதே என்சைமை முடக்கிப் போடுகிறது. உயிர் பிழைத்த பிறகும் அந்த அளவு ஏற வாரக்கணக்கில் ஆகும். தற்கொலைக்கு முயன்ற கடுமையான மனச்சோர்வுக்குத்தான் ஷாக் சிகிச்சை அதிகம் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருக்கு சக்ஸினைல்கோலின் போட்டால் சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. வென்டிலேட்டர் இல்லாத இடமாக இருந்தால்?

வீட்டுக்காரர்களோ மருந்து குடித்ததை மறைத்து "வயித்து வலி" என்பார்கள். மானம் ஒரு பக்கம், போலீஸ் கேஸ் ஒரு பக்கம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதுதான் ஒழிந்தது. 2017 சட்டமே அதன் பல்லைப் பிடுங்கியிருந்தது என்றாலும் பயம் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

சொல்லிவிட்டால் டாக்டருக்கு வழி இருக்கிறது. என்சைம் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், தசையைத் தளர்த்த வேறு மருந்தும் இருக்கிறது, சிகிச்சையைச் சில வாரம் தள்ளியும் வைக்கலாம்.