ஆய்வாளர் உருவாக்கம்: கீஸன் ஆய்வுகூடம் முதல் றொபேட்ஸ் அறிக்கை வரை

ஆராய்ச்சி மாணவர்க்குப் பயிற்சி வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கூற்றாகிவிட்டது. ஆயின் எத்தகைய பயிற்சி, எவருடைய தேவைக்காக, எவருடைய செலவில் என்னும் வினாக்களுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பட்டு வந்துள்ளன. பல்கலைக்கழகத்திலே அறிவு மட்டும் உற்பத்தியாவதில்லை. அறிவை உற்பத்தி செய்யும் ஆய்வாளரும் அங்கேயே உருவாக்கப்படுகின்றனர். அவ்வுருவாக்கத்தின் முறைகளை அவ்வக்காலப் பொருளியல், அரசியல் தேவைகளிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. ஜேர்மனியிலே தோன்றிப் பிரித்தானியாவிலே பெரிதும் உருமாறிய ஆய்வுப் பயிற்சியின் சில கட்டங்களை இக்கட்டுரை நோக்குகின்றது. பிரித்தானியாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. நம் பல்கலைக்கழக ஆசிரியருட் பலர் அங்கேயே ஆராய்ச்சி பயின்றனர்.

1810 இலே பேர்ளினிற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, கற்பித்தலும் ஆராய்ச்சியும் பிரியாது நிற்றல் வேண்டும் என்ற கோட்பாட்டை வில்ஹெல்ம் வொன் ஹும்போல்ட் முன்வைத்தார். உயர்கல்வி பற்றி எழுதுவோர் யாவரும் இக்கோட்பாட்டையே எடுத்தோதுவர். ஆனால் கோட்பாடு தானாக ஆய்வாளரை உருவாக்குவதில்லை. நடைமுறையை அறிய வேண்டின் பேர்ளினை விட்டுக் கீஸன் என்னும் சிறு நகருக்குச் செல்லவேண்டும். 1824 இலே யுஸ்ரஸ் லீபிக் தமது 21ஆவது வயதில் அங்கே பேராசிரியரானார். கைவிடப்பட்ட படைமுகாமொன்றின் காவற்கூடமே அவருக்கு ஆய்வுகூடமாக வாய்த்தது.

அக்காவற்கூடத்தில் நிகழ்ந்தது சற்று விரிவாக நோக்கத்தக்கது. அக்காலத்திலே சேதனப் பொருளொன்றில் உள்ள காபனின் அளவைத் துணிவது கைதேர்ந்த அறிஞர் சிலர்க்கே கைகூடிய காரியம். 1831 இலே லீபிக் ஒரு சிறு கருவியை அமைத்தார். ஐந்து கண்ணாடிக் குமிழ்களை முக்கோண வடிவில் இணைத்தது அது. பொருளை எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டைக் குமிழ்களிலுள்ள பொட்டாசுக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். எரிக்குமுன்னும் பின்னும் கருவியை நிறுத்தால் காபனின் அளவு தெரிந்துவிடும். கருவி எளியது, அதன் சமூக விளைவு எளியதன்று. மேதையின் கைத்திறன் சாதாரண மாணவரும் சில காலம் பழகிப் பெறக்கூடிய திறனாயிற்று. மாணவர் முதலிலே பொருள்களைப் பகுத்தறியப் பழகினர். தேறியபின் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் ஆய்வுப் பொருளைப் பெற்றனர். முடிவுகளை வெளியிடுவதற்கு 1832 முதல் லீபிக்கின் பொறுப்பிலே வெளிவந்த சஞ்சிகையும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. செய்கைத்திறன், பிரச்சினையைத் தெரிதல், எழுதுதல், வெளியிடுதல், சகமாணவரோடு கூடி உழைத்தல் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ், ஒரே வேலையின் உறுப்புகளாகக் கற்கப்பட்டன. பிற்காலத்திலே தனித்தனித் தலைப்புகளாகப் பிரிக்கப்பட்டவை இங்கு பிரிக்கப்படாமலே இருந்தமை மனங்கொளத்தக்கது.

இவ்வாறு பயின்ற ஓகஸ்ற் வில்ஹெல்ம் ஹொப்மன் 1845 இலே இலண்டனில் நிறுவப்பட்ட இரசாயனவியற் கல்லூரிக்குத் தலைமை தாங்கச் சென்றார். அவருடைய மாணவரான வில்லியம் பேர்கின் 1856 இல், பதினெட்டு வயதில், கொயினாவைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது ஊதாச் சாயமொன்றைத் தற்செயலாகக் கண்டார். கொயினாவின் தேவை மலேரியா மலிந்த குடியேற்ற நாடுகளை ஆண்ட பேரரசின் தேவையாகும் என்பதை இவ்விடத்திலே நினைவுகூரலாம். சாயத்தைக் கண்டது இலண்டன். பயிற்றப்பட்ட இரசாயனவியலாளரைத் தொகையாக வேலைக்கமர்த்திச் சாயத் தொழிலை வளர்த்ததோ ஜேர்மன் நிறுவனங்கள். ஆய்வுப் பயிற்சிக்கும் கைத்தொழில் மூலதனத்துக்கும் உள்ள உறவு இருபத்தோராம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பன்று.

மானிடவியற் கலைகளிலே இதற்கு இணையானது ரங்கேயின் பேர்ளின் கருத்தரங்கு. மூலாவணங்களை ஐயுற்று வினவும் முறையைத் தெரிந்தெடுத்த மாணவர் சிலர் அவருடைய வீட்டிலே கூடிப் பழகினர். வீடு என்பது இங்கு முக்கியமான சொல். ஆசிரியரின் வீட்டு மேசையைச் சுற்றி அமர்வதற்கு அழைப்பு வேண்டும். அழைப்புக்கு அறிமுகம் வேண்டும். அறிமுகத்துக்குக் குலமும் பொருளும் பாலும் துணைநிற்க வேண்டும். பிரஷ்யப் பல்கலைக்கழகங்களிலே பெண்கள் முறைப்படி மாணவராகச் சேர்க்கப்பட்டது 1908 இலேதான். குருகுலத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் வாயிலிலே நிறுத்தப்பட்டோரையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். நம் மரபிற்கும் இது புதிதன்று.

ஐக்கிய அமெரிக்காவிலே 1876 இல் தொடங்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் இம்முறையைத் தழுவி விரித்தது. பிரித்தானியாவோ தயங்கியே நின்றது. ஏனைய பல்கலைக்கழகப் பட்டதாரிகளை ஆய்வு மாணவராகக் கேம்பிரிட்ஜ் 1895 இலேதான் ஏற்கத் தொடங்கியது. நியூசிலாந்திலிருந்து உதவித்தொகை பெற்று வந்த ஏர்ணஸ்ற் றதபோர்ட் அவ்வாறு முதலிற் சேர்ந்தவருள் ஒருவர். ஆயினும் அவருக்கு அளிக்கக் கலாநிதிப் பட்டம் என்ற ஒன்று அங்கே அப்போது இருக்கவில்லை. ஒக்ஸ்போர்ட் 1917 இலே அப்பட்டத்தை ஏற்படுத்தியது. ஏனையவை விரைவிலே பின்தொடர்ந்தன. ஆண்டைக் கவனித்தல் வேண்டும். ஜேர்மனியோடு போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை ஜேர்மனிக்குச் சென்ற அமெரிக்க மாணவரையும், பேரரசின் பல பாகங்களிலிருந்தும் வரக்கூடிய மாணவரையும் ஈர்ப்பதற்குப் பட்டமொன்று வேண்டியிருந்தது. பிரித்தானியக் கலாநிதிப் பட்டம் பெருமளவுக்கு வெளிநாட்டு மாணவரை எண்ணியே பிறந்தது எனின் மிகையாகாது.

பட்டம் பிறந்தது, பயிற்சி பிறக்கவில்லை. மேற்பார்வையாளர் ஒருவர், நூலகம் ஒன்று, சில ஆண்டுத் தனிமை, இறுதியில் ஓர் ஆய்வேடு. பெரும்பாலான துறைகளில் இதுவே முழுமையும். நம்மவரும் இவ்வழியிற் சென்றோரே. 1936 இலே க. கணபதிப்பிள்ளை தமிழ்ச் சாசனங்களின் மொழி பற்றிய ஆய்வுக்கு இலண்டனிற் பட்டம் பெற்றார். மூன்று தசாப்தங்களின் பின் பேர்மிங்ஹாமிலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையிலே க. கைலாசபதியும், அவரையடுத்து 1970 இலே கா. சிவத்தம்பியும் ஆய்வை நிறைவேற்றினர். தொம்சன் தமிழறிஞரல்லர். ஆயினும் பண்டைக் கிரேக்க இலக்கியத்தைச் சமுதாய அடித்தளத்தில் வைத்து நோக்கும் மார்க்சிய முறையிலே தேர்ந்தவர். 1968 இலே வெளிவந்த கைலாசபதியின் தமிழ் வீரயுகப் பாடல் பற்றிய ஆங்கில நூலிலே, ஹோமர் ஆய்விலே வளர்ந்த வாய்மொழிப் பாடற் கொள்கை சங்கப் பாடல்களுக்குப் பிரயோகிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தனிமேற்பார்வை முறை அதன் உயர்ந்த நிலையில் எதனைச் சாதிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. ஆனால் தகுந்த மாணவருக்குத் தகுந்த ஆசிரியர் வாய்த்தமை ஒரு நற்பேறு. நற்பேறு ஒரு கல்விமுறையாகாது.

வாய்க்காதோரின் நிலை 1980களிலே வெளிச்சத்துக்கு வந்தது. சமூக விஞ்ஞானத் துறைகளிலே உதவித்தொகை பெற்ற மாணவர் பலர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காமலே விலகினர், அல்லது நெடுங்காலம் தாழ்த்தினர். அரச செலவினம் வெட்டப்பட்ட காலமாகையால் இது நிதிப் பிரச்சினையாகவே நோக்கப்பட்டது. நான்காண்டுக்குள் ஆய்வேடு சமர்ப்பிக்கப்படும் வீதம் கணிக்கப்பட்டது. வீதம் குறைந்த நிறுவனங்கள் உதவித்தொகைக்கான தகுதியை இழந்தன. 1987 இலே வின்பீல்ட் அறிக்கை இப்பிரச்சினையை ஆராய்ந்தது. தண்டனையாகத் தொடங்கிய இந்நடவடிக்கை எதிர்பாராத ஒரு நன்மையையும் தந்தது. மாணவர் தோல்வியடைவது அவர்களுடைய குறையால் மட்டுமன்று, அவர்களுக்கு எவரும் எதனையும் முறையாகக் கற்பிக்காமையாலுமே என்பது வெளிப்பட்டது. முறைசார்ந்த ஆய்வுமுறைப் பாடங்கள் வலியுறுத்தப்பட்டன.

அடுத்த கட்டத்திலே கோரிக்கையின் தொனி மாறிற்று. 1993 இலே வெளிவந்த அரசின் வெள்ளை அறிக்கை, மரபுவழிக் கலாநிதிப் பட்டம் பல்கலைக்கழகத்துக்கு வெளியேயுள்ள தொழில்களுக்குப் பொருந்தவில்லை எனக் குறைகூறியது. 2001 இலே ஆய்வு மன்றங்கள் ஒன்றுகூடி ஏழு தலைப்புகளிலே திறன்களை வகுத்தன. ஆய்வுத் திறன்களோடு ஆய்வு முகாமை, தன்னாளுமை, தொடர்பாடல், கூட்டுழைப்பு, தொழில்வாழ்வைத் திட்டமிடல் முதலியன அதிலே இடம்பெற்றன. 2002 இலே பௌதிகவியலாளரான சேர் கரத் றொபேட்ஸ் அரசுக்கு அளித்த அறிக்கை, ஒவ்வோர் ஆய்வு மாணவருக்கும் ஆண்டுக்கு இரண்டு வாரமேனும் இத்தகைய பயிற்சி வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அறிக்கையின் அடிப்படை அக்கறை விஞ்ஞானிகளும் பொறியியலாளரும் தொழிற்றுறைக்குப் போதியளவு கிடைப்பார்களா என்பதே. 2003 முதல் 2011 வரை ஆண்டொன்றுக்குச் சுமார் 2 கோடி பவுண் இதற்கென ஒதுக்கப்பட்டது.

முற்போக்காளர் இதனைச் சந்தையின் ஊடுருவல் என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதுண்டு. அவ்வாறு ஒதுக்குதல் எளிது. பட்டியலைச் சந்தை எழுதியது உண்மையே. தொழில் வழங்குநரின் மொழியிலே ஆய்வாளரின் ஆளுமை அளக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் கட்டுரையை எவ்வாறு சஞ்சிகைக்கு அனுப்புவது, மாநாட்டிலே எவ்வாறு பேசுவது, மேற்பார்வையாளரோடு முரண்பட்டால் யாரிடம் செல்வது என்பவற்றையெல்லாம் முன்னர் அறிந்திருந்தோர் யாவர்? பேராசிரியர் குடும்பங்களின் பிள்ளைகளும் அவர்தம் விருந்துகளுக்கு அழைக்கப்பட்டோருமே. குடும்பத்திலே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்த மாணவருக்கு அவ்வறிவு மறைபொருளாகவே இருந்தது. அதனை வகுப்பறையிலே வெளிப்படையாகக் கற்பித்தல், நோக்கம் எதுவாயினும், சலுகையைப் பொதுவுடைமையாக்கும் செயலாகும். குறை பட்டியலில் அன்று, அது ஆய்விலிருந்து பிரிக்கப்பட்டமையிலேயே உள்ளது. கீஸனிலே மாணவர் எழுதக் கற்றது தம் பரிசோதனையை எழுதியபோது. இங்கோ எதனை எழுதுகிறோம் என்பதறியாப் பயிற்றுநரிடம் ஒரு பிற்பகலில் எழுதும் திறன் கற்கப்பட்டது. ஆய்வின்வழி அறிவை முன்னெடுப்பதே கலாநிதிப் பயிற்சியின் மையம் என 2005 இலே சால்ஸ்பேக்கிற் கூடிய ஐரோப்பிய உயர்கல்வியாளர் வலியுறுத்தியமை இப்பிரிவினையை உணர்ந்ததாலே எனலாம்.

இன்னொன்றும் உண்டு. றொபேட்ஸ் நிதி பகிரப்பட்டது ஆய்வு மன்றங்களின் ஆதரவு பெற்றோரின் தொகையைக் கணக்கிட்டே. தம் சொந்தச் செலவிலும் தம் நாட்டரசின் செலவிலும் வந்த வெளிநாட்டு மாணவரைப் பல பல்கலைக்கழகங்கள் அவ்வகுப்புகளிலே சேர்த்துக்கொண்டன. ஆயினும் நிதிக் கணக்கிலே அவர்கள் இருக்கவில்லை. 1917 இலே எவரை ஈர்ப்பதற்காக அப்பட்டம் ஏற்படுத்தப்பட்டதோ, அவர்களின் வழிவந்தோரே அவர்கள்.